வைக்கத்தில் தெருவை விட்டுவிட்டுக் கட்டடம் கட்டாதீர்கள்

கேரளத்தின் வைக்கத்தில் 1924-25 சத்தியாக்கிரகத்தின் நினைவாகப் பாரம்பரிய மையம் அமைக்க வரைபடம் தயாரித்திருக்கும் குழுவினருக்கு,

தமிழ்ப் பலகைகளின் வாசகத்தைப் பிழைதிருத்தித் தரும்படி நீங்கள் அனுப்பிய கோப்பில் கட்டட வரைபடங்களும் சேர்ந்தே இருந்தன. பிழை வாசகத்தோடு நிற்கவில்லை. அதனால்தான் திருத்திய தாளைத் திருப்பி அனுப்புவதோடு முடிக்காமல் இதைப் பொதுவில் எழுதுகிறோம். எங்களில் கட்டடப் பொறியாளர் உண்டு, பழைய தாள்களைப் பாதுகாப்பவர் உண்டு, அருங்காட்சியகப் பலகைகளுக்கு எழுதுபவர் உண்டு. இந்த வரைபடம் இப்படியே டெண்டருக்குப் போவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

1924 மார்ச் 30 அன்று புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர் ஆகிய மூவரும், அவர்ணர் (தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியினர்) தாண்டக் கூடாது என்று நட்டிருந்த தீண்டல் பலகையைத் தாண்டி நடக்கப் போய்க் கைதானார்கள். கோயிலுக்குள் போக விடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்க விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். 1925 நவம்பர் 23 வரை நீண்ட போராட்டம் முழுவதும் தெருவில்தான் நடந்தது. உங்கள் வரைபடத்தில் அந்தத் தெரு 'அணுகுசாலை' என்ற பெயரில், தாளின் ஓரத்தில், சாம்பல் நிறப் பட்டையாக இருக்கிறது. மையம் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. மதிலின் உயரம் 2.1 மீட்டர்.

வைக்கத்தில் கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. காந்தி வந்திறங்கிய படகுத்துறைக்குப் பக்கத்தில் சத்தியாக்கிரக அருங்காட்சியகம் இருக்கிறது. 1994-ல் திறக்கப்பட்ட பெரியார் நினைவகத்தைப் புதுப்பித்து, 2024 டிசம்பர் 12 அன்று தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இருவரும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். சத்தியாக்கிரகிகளின் ஆசிரமம் இருந்த இடத்தில் இன்று பள்ளி நடக்கிறது. காந்தியை உள்ளே விடாமல் வெளியே உட்கார வைத்துப் பேசிய நம்பூதிரி வீடான இண்டன்துருத்தி மனை, பிற்பாடு கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாகிவிட்டது (எந்தக் கட்டடக் கலைஞரும் யோசித்திருக்க முடியாத நினைவுச்சின்னம் அது). இவற்றுக்கெல்லாம் நடந்தே போகலாம். இவற்றை ஒன்றாகக் கட்டிச் சொல்லும் தெருதான் இன்னும் யாருடைய வரைபடத்திலும் ஏறவில்லை. மூன்றாவதாக ஒரு கூடம் கட்டுவதற்கு முன்னால் பணத்தைத் தெருவில் போடுங்கள் என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

தெருவில் போடுவதென்றால் சிலை வைப்பதோ வளைவு கட்டுவதோ அல்ல. நான்கு பக்கத்திலும் தடை எங்கே தொடங்கியது என்ற கோட்டை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழைய நிலஅளவைப் பதிவேட்டையும் போராட்டக்காலக் காவல்துறைக் குறிப்புகளையும் எடுத்து, இன்றைய டோட்டல் ஸ்டேஷன் (மின்னணு நிலஅளவைக் கருவி) அளவையின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். கோயில் கோபுரமும் குளக்கரையும் இடம் மாறாதவை. அவற்றை ஆதாரப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். ஆவணம் துல்லியமாகச் சொல்லாத இடத்தில் தோராயமாகக் கோடு போட்டுவிட்டு 'இங்கேதான்' என்று பலகை வைக்கக் கூடாது. அங்கே 'இந்தப் பத்து மீட்டருக்குள்' என்றே எழுதலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கோடு கிடைத்ததும் தெருவின் முழு அகலத்துக்கும் குறுக்காக ஒரு கருங்கல் பட்டை பதிக்க வேண்டும். உங்கள் முன்வரைவில் படகுத்துறை நடைபாதைக்கு 20 மில்லிமீட்டர் பாலீஷ் கிரானைட் குறித்திருக்கிறீர்கள். அதே கல்லைத் தெருவில் போட்டால் முதல் லாரியிலேயே விண்டுபோகும், முதல் மழையிலேயே ஆளை வழுக்கிவிடும். வண்டி ஓடும் தெருவுக்குக் குறைந்தது 100 மில்லிமீட்டர் கனமுள்ள கல் வேண்டும். மேற்பரப்பைத் தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் அகலம் போதும். கீழே கான்கிரீட் படுகை. கல்லின் மட்டமும் தாரின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரல் அளவு தூக்கி நின்றாலும் இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள், அடுத்த வாரமே அதைப் பெயர்த்தெடுக்கச் சொல்லி மனு வரும்.

இப்படிப் பதித்த கல் எப்படிக் காணாமல் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். யாரும் திருடிப்போவதில்லை. சாலைக்கு மேல்தார் போடும்போது ஒவ்வொரு முறையும் 25 முதல் 50 மில்லிமீட்டர் ஏறுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுவிட்டுப் போவதால் முதல் பூச்சிலேயே பட்டை மூடிக்கொள்கிறது. சாலைக்காரர்களுக்கு அங்கே கல் இருப்பதே தெரியாது. எனவே கல் பதிப்பதற்கு முன்பே, பட்டைக்கு இருபுறமும் ஐந்தைந்து மீட்டருக்குப் பழைய தாரைச் சுரண்டாமல் புதுத்தார் போடுவதில்லை என்று சாலையைப் பராமரிக்கும் துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டுபவர்களுக்கும் அதே நிபந்தனை. இந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

தெருவில் தூண், சங்கிலி, மேடை எதுவும் வேண்டாம். வைக்கத்தஷ்டமி என்ற கோயில் திருவிழாவுக்கு யானையும் கூட்டமும் வரும் தெரு அது. அதைவிட, தடுப்பு வைத்து ஆளை நிறுத்திய இடத்தை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி இன்னொரு தடுப்பு வைப்பது நமக்கே சிரிப்பாக இருக்காதா?

அடுத்தது வாசல். வரைபடத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. முன்னால் பார்வையாளர்களுக்கு ஒன்பது படிகள். வலப்பக்கம் கார் நேரே வந்து நிற்கும் 'சிறப்பு விருந்தினர்' வாசல். பின்புறம் துப்புரவுப் பணியாளர்களுக்கான வழி. சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் அதன் பக்கத்திலேயே, குப்பைத்தொட்டி வைக்கும் இடத்தை ஒட்டி. யார் எந்த வழியில் போகலாம் என்பதற்காக அறுநூறு நாள் நடந்த போராட்டத்துக்கு நினைவிடம் கட்டுகிறோம். அதில் ஆளுக்கொரு வழி போட்டிருக்கிறீர்கள். வரைந்தவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்; அரசுக் கட்டடங்களுக்குப் பழகிய கை அப்படியே வரைந்துவிட்டது. அதனால்தான் இதைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

தரைமட்டம் உயர்ந்திருக்க வேண்டும் என்பது சரி, வேம்பநாட்டு ஏரிக்கரையில் அது இல்லாமல் முடியாது. ஆனால் உயரத்துக்கு ஒன்பது படிதான் வழியென்பதில்லை. படிகளைக் கணக்கிட்டால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு வருகிறது. அவ்வளவு உயரம் தோற்றத்துக்காக வைத்தது போலத்தான் தெரிகிறது. முதலில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த மனைக்குத் தண்ணீர் வந்ததா, எதுவரை வந்தது என்று அக்கம்பக்க வீடுகளில் கேட்டு அளந்து, அதற்கு மேல் ஓர் அடி விட்டுத் தரைமட்டத்தைத் தீர்மானியுங்கள். 60 சென்டிமீட்டர் போதுமென்று வந்தால், 1:20 சரிவில் (இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம்) 12 மீட்டர் நீளத்தில் ஒரே நடைவழியாக ஏறிவிடலாம். படி எதுவும் வேண்டாம், கைப்பிடியும் அநேகமாக வேண்டியிருக்காது, கிழவியும் குழந்தையும் அமைச்சரும் சக்கர நாற்காலியும் ஒரே வழியில் வருவார்கள். 1:12 சரிவு என்றால் நீளம் 7.2 மீட்டராகக் குறையும்; ஆனால் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வருபவருக்குக் கை கடுக்கும், மழையில் பின்னால் சறுக்கும். மனையில் இடம் இருக்கும்போது 1:12-க்குப் போவதற்குக் காரணமே இல்லை.

அந்த நடைவழியின் ஓரத்திலேயே ஒரு காட்சிப்பொருளுக்கும் இடம் கிடைக்கும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் கொல்லம் ஆண்டு 1099-ல் நடந்ததால் மலையாளிகள் அதை இன்றும் 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்' என்கிறார்கள். போலீஸ் படகில் நின்று காவல் காக்க, சத்தியாக்கிரகிகள் தண்ணீருக்குள் நின்றார்கள். முன்வரைவு இதற்கென்று ஓர் இருட்டறையும் ஒலி-ஒளிக் காட்சியும் கேட்கிறது. மனித உயரத்துக்கு ஒரு கல்லை நட்டு, கழுத்தளவில் ஒரு கோடு கீறி, ஆண்டை எழுதுங்கள். மின்சாரம் வேண்டாம். பழுதாக அதில் எதுவும் இல்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டயம் பக்கத்தில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3000 மில்லிமீட்டர் மழை. பக்கத்தில் ஏரி. இங்கே தட்டையான கான்கிரீட் கூரையும் அதன் நடுவில் கண்ணாடிக் கூரைச்சாளரமும் வரைந்திருக்கிறீர்கள். கண்ணாடியும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் போடும் சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடிக்கும், அடுத்த இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) சரியாகக் காட்சிப்பெட்டிக்கு மேலே சொட்டும். ஊரில் கட்டத் தெரிந்த ஓட்டுக்கூரையைப் போட்டு, இறவாரத்தை 90 சென்டிமீட்டராவது வெளியே நீட்டினால் சுவர் நனையாது, சன்னலையும் மழையில் திறந்து வைக்கலாம். அடியில் ஏரிக்களி என்றால் இரண்டு மாடிக் கான்கிரீட்டுக்குப் பைல் (ஆழத்தில் இறக்கும் அடித்தளத் தூண்) இறக்க வேண்டிவரும். சம்மட்டியால் அடித்து இறக்கும் பைலின் அதிர்வில் அக்கம்பக்கத்துப் பழைய செம்புரைக்கல் சுவர்கள் கீறல் விடும். ஒரே தளமாக, இலேசாகக் கட்டினால் இந்தத் தலைவலி பாதி குறையும். எப்படியானாலும் மண் பரிசோதனை அறிக்கை வராமல் மதிப்பீடு போடாதீர்கள். கோப்பில் மதிப்பீடு இருக்கிறது, மண் அறிக்கை இல்லை.

இதைவிட ஆபத்து ஏசி. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஓடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் குளிர்ந்த கண்ணாடிப் பெட்டியின் மேல், நிறுத்திய பிறகு வெளியிலிருந்து நுழையும் ஈரக்காற்று படும். குளிர்ந்த தம்ளரின் வெளியே நீர் கோப்பதைப் போலக் கண்ணாடியில் வியர்க்கும். காலையில் மறுபடி உலரும். தினமும் நனைந்து காய்ந்தால் 1924-ஆம் ஆண்டு நாளிதழ்த் தாள் என்ன ஆகும்? மரக்கூழில் செய்த அந்தத் தாள் ஏற்கெனவே அமிலம் ஏறிப் பழுப்பாகி, மடிப்பில் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். புகைப்படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. அரைநாள் ஏசியைவிட ஏசியே இல்லாமல் காற்றோட்டம் விடுவது மேல்.

மூலப்பிரதிகளை ஆவணக்காப்பகத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே நகல் போதும்: 600 டிபிஐ-யில் வருடி, உண்மை அளவிலேயே, பருத்தித்தாளில் அச்சிட்டு, 'நகல்' என்று கீழே எழுதி வையுங்கள். நகல் என்று தெரிந்தால் மக்கள் குறைவாக நினைப்பார்கள் என்ற பயம் தேவையில்லை, படிக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மூலத்தைத்தான் வைத்தாக வேண்டும் என்ற ஒன்றிரண்டு பொருள் இருந்தால், இறுக்கமாக மூடும் பெட்டியில், 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் போகாமல், ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சச் சாதாரண சிலிக்கா ஜெல் என்றால் பெட்டியின் கொள்ளளவில் ஒரு கனமீட்டருக்கு 20 கிலோ. முன்வரைவில் பெட்டிக்கு 'இரண்டு பொட்டலம்' என்று இருக்கிறது. அது செருப்புப் பெட்டிக்கான அளவு. சிலிக்காவை யார், எப்போது அடுப்பில் உலர்த்தி மறுபடி வைப்பது என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். பதினாறு டச் ஸ்கிரீன்களைப் பற்றி ஒன்றே ஒன்று: அவற்றை வாங்கும் தொகை இருக்கிறது, பழுதுபார்க்கும் தொகை எந்த வரியிலும் இல்லை.

இனி, எங்களிடம் கேட்ட வேலை. முதல் பலகையின் முதல் வரி: "அக்காலத்தில் சமூகத்தின் சில பிரிவினருக்குக் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் செல்லும் வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் யார் மறுத்தது? 'மறுக்கப்பட்டிருந்தது' என்று எழுதும்போது மறுத்தவர் வாக்கியத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். 'சில பிரிவினர்' யார்? பெயர் சொல்லக் கூசுவது எதற்காக? நடப்பது 'வாய்ப்பு' ஆகுமா? 'அக்காலத்தில்' என்று சொன்னால் எல்லாக் காலத்திலும் அப்படித்தான் இருந்ததுபோலத் தொனிக்கிறது. 1865-லேயே பொதுச்சாலைகள் எல்லோருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. பின்னர் ராஜவீதி, கிராமவீதி என்று பிரித்து, கோயிலைச் சுற்றிய தெருக்கள் இரண்டாவது வகை என்று சொல்லித்தான் விலக்கி வைத்தார்கள். சட்டத்தில் ஓட்டை தேடிச் செய்த காரியத்தைப் பழங்கால வழக்கம்போல எழுதக் கூடாது. எங்கள் திருத்தம் இது: "ஈழவரும் புலையரும் மற்ற அவர்ணரும் இந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் நடக்கலாம். 1924-ல் பலகையைத் தாண்டப் போனவர்களைத் திருவிதாங்கூர் அரசின் போலீஸ் பிடித்துச் சிறைக்கு அனுப்பியது." முன்வரைவின் வரியைவிட நீளம்தான். ஆனாலும் மூன்றே சிறு வாக்கியங்கள், பள்ளிப்பிள்ளை நின்றபடி படித்துவிடும்.

எழுத்தின் அளவு 18 புள்ளி என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பார்த்த அளவை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கத் தமிழுக்கு 30 புள்ளியாவது வேண்டும். கொம்பும் சுழியும் வால்களும் மேல்கீழ் வரியில் இடிக்காமல் இருக்க வரிக்கிடையில் எழுத்தின் பாதி உயரம் கூடுதலாக விட வேண்டும். ஒரே பலகையில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் சம அகலப் பத்தியாகப் போட்டால் தமிழ்தான் முதலில் வழியும், அப்போது அச்சகத்துக்காரர் தமிழை மட்டும் நெருக்கிக் குறுக்குவார். பத்தியின் அகலத்தைத் தமிழுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள்.

கூடங்களைப் பற்றி. காந்திக்கு ஒன்று, பெரியாருக்கு ஒன்று, போராட்டத்தை முன்னெடுத்த ஈழவத் தலைவர் டி.கே. மாதவனுக்கு ஒன்று. பெரியார் 1924 ஏப்ரல் 13 அன்று வந்து சேர்ந்து, இருமுறை சிறைபோய், 74 நாள் உள்ளே இருந்தார் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியாருக்கு அதே ஊரில் தனி நினைவகம் இருக்கிறது. தமிழ்ப் பார்வையாளருக்காக இங்கேயும் பெரிய கூடம் ஒதுக்கியிருப்பதாகக் குறிப்பு சொல்கிறது. எங்களுக்காக வேண்டாம். அந்த இடத்தில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிப் பலகைக்கு முன்னால் நின்றதை வையுங்கள். கண்ணில் சுண்ணாம்பு தேய்க்கப்பட்ட சத்தியாக்கிரகி ஆமசாடி தேவனை வையுங்கள். அடிபட்டு இறந்த சிற்றேடத்து சங்குப் பிள்ளையை வையுங்கள். பஞ்சாபிலிருந்து வந்து சத்தியாக்கிரகிகளுக்கு அடுப்பு மூட்டிய அகாலிச் சீக்கியரையும், வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். முதல்நாள் நடந்த மூவரின் பெயர் முன்வரைவில் எங்கும் வரவில்லை, தேடிப் பார்த்தோம்.

முடிவையும் வெற்றி விழாவாக எழுதியிருக்கிறீர்கள். 1925 பிப்ரவரி 7 அன்று திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் தெருக்களை எல்லோருக்கும் திறக்கும் தீர்மானம் 22-க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. நவம்பரில் வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்கள் திறந்தன. கிழக்கே ஒரு பகுதி திறக்கவில்லை. கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவில் நான்கு கல் பட்டைகள் பதித்தால் கிழக்குப் பட்டையில் மட்டும் வேறு ஆண்டு இருக்கும். நடந்து பார்ப்பவருக்கு அது போதும், உரை வேண்டாம்.

இடத்திலிருந்து பொருளைப் பெயர்க்காமல் விட்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் 1960 பிப்ரவரி 1 அன்று வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடத்தில் கறுப்பின மாணவர் நால்வர் உட்கார்ந்த சாப்பாட்டு மேசை, அதே கடைக்குள் அதே இடத்தில் இருக்க, கடையே 2010-ல் அருங்காட்சியகமானது. ஜோகன்னஸ்பர்க்கில் விசாரணைக் கைதிகளை அடைத்திருந்த சிறைத்தொகுதியை இடித்தபோது அதன் செங்கலைக்கொண்டே அரசியல்சாசன நீதிமன்றத்துச் சுவரை எழுப்பினார்கள், மாடிப்படிக் கூண்டுகளை இடிக்காமல் விட்டார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது தெரு.

ஆகவே கேட்கிறோம். டெண்டரை நிறுத்தி வையுங்கள். மண் பரிசோதனை, வெள்ளமட்டம், தெருவின் நிலஅளவை மூன்றும் வந்த பிறகு வரைபடத்தைத் திரும்ப வரையுங்கள். தெருவுக்கான கல் பதிப்பையும் சாலைத்துறையின் எழுத்து ஒப்பந்தத்தையும் முதல் கட்டமாகவும் கட்டடத்தை இரண்டாம் கட்டமாகவும் மாற்றுங்கள். 2.1 மீட்டர் மதிலை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே சரிவு என்று வையுங்கள். சிறப்பு விருந்தினர் வாசலை நீக்குங்கள். மூலப்பிரதிகளைக் காட்சிக்கு எடுக்கும் முடிவைக் கைவிடுங்கள். கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு மூன்று விழுக்காடாவது பராமரிப்புக்கு என்று தனிக்கணக்கில் ஒதுக்கி, அதைச் செலவழிக்கும் பொறுப்பாளர் பதவியை அனுமதித்த பிறகே அடிக்கல் நாட்டுங்கள். சத்தியாக்கிரகிகளின் வாரிசுகளும் ஊரின் புலையர், ஈழவர் அமைப்புகளும் பலகை வாசகங்களைப் படித்துக் கருத்துச் சொல்ல அறுபது நாளாவது கொடுங்கள்; மலையாள வாசகத்தை அவர்கள் முடித்த பிறகு தமிழைத் திருத்துகிறோம்.

அதுவரை நீங்கள் அனுப்பிய தமிழ்ப் பலகைகளில் எங்கள் ஒப்புதல் கையெழுத்து இருக்காது. முதல் பலகையை மட்டும் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.